ஒத்திவைக்கலாம், கைவிடலாகாது



2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினால் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. படுக்கைகளையும் பணியாளரையும் காக்க அது வேண்டியதே. அதனை நாம் குறைகூறவில்லை.

ஆயின், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்பது அழகுக்கு மட்டுந்தானா? தீக்காயத் தழும்பு இறுகினால் விரல்கள் மடங்கிவிடும். கொழுந்து பறிக்கும் கைக்கு அதனால் பிழைப்பே போகும். அண்ணப் பிளவைக் காலத்தில் சீர்செய்யாவிடின் குழந்தையின் பேச்சுக் குழறும். மூக்கை எடுப்பாக்குவதும் இவையும் ஒரே வரிசையில் நிற்கலாமா?

இனியொரு தொற்று வரின், சுகாதார அமைச்சின் வழிகாட்டல் இவற்றைப் பிரித்துரைக்க வேண்டும். கண்டி, பேராதனை வைத்தியசாலைகளை நாடிவரும் தோட்டத் தொழிலாளரிடம் மறுதிகதியைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திகதியில்லாத ஒத்திவைப்பு மறுப்பேயாகும்!