நோயாளிக்கு நோயை உரைத்தல்



நம் இல்லங்களில் ஒருவர்க்குப் புற்றுநோய் கண்டதென மருத்துவர் உரைத்தால், அதனை ஊரார்க்கு மறைப்பதோடு நோயாளிக்கும் மறைக்கின்றோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனைக்கே அழைத்துச் சென்றும், வெறும் வாய்ப்புண் என்போர் உளர். பெயர்ப்பலகையை அவர் படியாரோ?

இஃது அன்பின்பாற்பட்டதே; எனினும் தீங்கு பயக்கும். வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் 5 நாளாக 6, 7 வாரம் நிகழும். நோயின் பெயரும் அறியாதார், இடையில் வாய் வெந்து புண்படக் கண்டு அஞ்சி நின்றுவிடுவர். நோய் எவ்வுறுப்பிற் பிறந்தது, 4 நிலைகளுள் எந்நிலையினது, சிகிச்சை நோயைத் தீர்த்தற்கோ துன்பந் தணித்தற்கோ என்பவற்றை அவர்தாமே மருத்துவர்பால் வினவியறிக. உடனுண்டால் தொற்றும் என்பது பொய். தனித்தட்டு வைக்கும் கொடுமையை என்னென்பது!

யாவும் ஒரேநாளிற் சொல்லவேண்டா. அச்சத்திற் கேட்டவை மறக்குமாதலின், உடன்செல்லும் இளைஞர் ஒருவர் தாளிற் குறித்து வருக.