உதட்டுக் கொப்புளமும் வாய்ப்புண்ணும்

உதட்டோரத்திற் கொப்புளம் எழுந்தாலும், கன்னத்தின் உட்புறத்திற் புண் தோன்றினாலும், "உடற்சூடு" என்ற ஒரே சொல்லால் அமைதி காண்பது மக்கள் வழக்கம். உண்மையில் இவை வெவ்வேறு நோய்கள்.

முன்னையது ஹெர்பீஸ் சிம்பிளெக்ஸ் என்னும் வைரசினால் உண்டாவது. முதலில் உதட்டோரம் குறுகுறுத்து எரியும். பின்னர் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கூட்டமாய் எழுந்து, உடைந்து, பொருக்குக் கட்டும். ஆறிய பின்னரும் வைரசு அகல்வதில்லை. முகத்து நரம்பில் உறங்கிக் கிடந்து, காய்ச்சல், கடுவெயில், களைப்பு ஆகியவை நேர்கையில் மீண்டும் விழிக்கும். இது தொற்றும். கொப்புளம் ஆறும்வரை, பாட்டியேயாயினும் பேரக்குழந்தையை முத்தமிடலாகாது. பிறந்து சில வாரங்களேயான குழவிக்கு அம்முத்தம் உயிராபத்தாய் முடியலாம்.

பின்னையது வாயினுள்ளே, கன்னத்திலும் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் தோன்றும். நடுவே வெண்மை அல்லது மஞ்சள், சுற்றிலும் செவ்விளிம்பு. இது எவரையும் தொற்றாது. பல்லிற் கடிபடுதல், மனக்கவலை, இரும்புச்சத்துக் குறைவு முதலியன இதனைத் தூண்டும். பெரும்பாலும் 2 வாரங்களுள் தானே ஆறிவிடும்.

ஆறாத புண்ணே அஞ்சத்தக்கது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கம் பரவிய இலங்கையில், வாய்ப் புற்றுநோய் ஆண்களிடையே மிகுதியாய்க் காணப்படுகின்றது. அதன் தொடக்கம் பெரும்பாலும் நோவற்றது. நோவு தரும் சிறு புண்ணுக்குக் கலங்குவோர், நோவின்றி 3 வாரங் கடந்தும் நிற்கும் புண்ணைப் பொருட்படுத்தாது விடுகின்றனர். அதனையே தாமதமின்றி வைத்தியரிடங் காட்டுதல் அறிவுடைமையாகும்.