அனுப்பினவர் நம்ம ஆள்தான்



வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டு வழியாக மேற்கே போனால் போளூர் வரும். போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர். 2018ஆம் வருஷம் மே 9ஆம் தேதி, ஒரு காரில் ஐந்து பேர் அந்தப் பக்கம் வந்தார்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள். சென்னையிலிருந்து புறப்பட்டவர்கள்; மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் உடன் இருந்தார்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும், வழி சரியாகத் தெரியவில்லை. காரை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் அவர்கள் செய்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் என்ற பேச்சு காருக்கு முன்னால் ஓடியது. ஊர் திரண்டு காரை மறித்தது. அடித்த அடியில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்துபோனார். கூட வந்தவர்களுக்குப் படுகாயம். அடித்ததைச் சிலர் செல்போனில் படம் வேறு எடுத்தார்கள். பிறகு போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன, பயத்தில் ஆண்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் இன்னொருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, ஜனங்கள் செல்போனில் வருவதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள்" என்று முடிப்பது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மீதிப் பாதியை யோசித்துப் பாருங்கள். எதிரே ஐந்து பேர் நிற்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள். கோயிலுக்கு வந்தவர்கள். எந்தக் கோயில், யார் பங்காளிகள், பூசாரி யார் என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் தீர்ந்திருக்கும். நம் பக்கத்துக் கிராமங்களில் புது ஆளைப் பார்த்தால் "யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார்கள், வேண்டாம் என்றாலும் கேட்பார்கள். அந்தக் கேள்வி அன்றைக்குப் பயன்படவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றியதோ வடமாநிலத்துக் கும்பல் ஒன்று இறங்கியிருக்கிறது என்ற செய்தி. அதற்கும் இந்த ஐந்து பேருக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. ஆனாலும் முகம் தெரியாத ஒருவன் அனுப்பியதற்குக் கிடைத்த மதிப்பு, எதிரே நின்று பேசும் வயதான பெண்மணிக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, நாம் அதிகமாக நம்புகிறோமா என்று கேட்டால், என் பதில் இது: நம்பிக்கை நம்மிடம் அளவுக்கு மிஞ்சிப் போகவில்லை, இடம் மாறிப் போயிருக்கிறது.

அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். பார்த்தால் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானில், கராச்சியில், ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு பெற்றோருக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு அனுப்பினார்கள். வீடியோவில் தெரிந்த ஒவ்வொரு காட்சியும் அப்படியே எடுக்கப்பட்டதுதான். பொய் வெட்டிய இடத்தில் இருந்தது. கண்ணால் பார்ப்பதே மெய் என்ற பழக்கம் இங்கே நமக்கு உதவாது.

கண்ணை மட்டும் நம்பாதவர்களைப் பார்க்க நம் ஆரணிப் பக்கம் வாருங்கள். பட்டுத் தறி சத்தம் கேட்டு வளர்ந்தவர்களை ஏமாற்றிப் புடவை விற்பது லேசில்லை. பளபளப்பைப் பார்த்து வாங்க மாட்டார்கள். கையில் எடுத்து, திருப்பி, ஜரிகையைப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்துவார்கள். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியாக உருண்டுவிடும். வாங்குகிற எல்லாருக்கும் இந்தக் கைப்பழக்கம் இருக்காது என்பதால்தான் மத்திய பட்டு வாரியம் 2004இல் சில்க் மார்க் முத்திரையைக் கொண்டுவந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இத்தனை இருந்தும், போனில் புடவைப் படம் பார்த்தவுடன் முன்பணம் அனுப்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விவரம் இல்லாதவர்கள் இல்லை. பல நேரம் அந்த இணைப்பை அனுப்பியது அத்தையாக இருக்கும், கூடப் படித்த தோழியாக இருக்கும். "நானே வாங்கப் போறேன், நீயும் வாங்கு" என்ற ஒரு வரி போதும். அத்தையிடம் இழையை உருவிக் கொளுத்திக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நாம் திரையை நம்புவது குறைவு. அனுப்பியவரைத்தான் நம்புகிறோம். குடும்பக் குழுவில் மாமா ஒன்று போட்டால் அதில் மாமாவின் முகம் தெரிகிறது. மாமா பொய் சொல்ல மாட்டார், அது நிச்சயம். ஆனால் மாமா அதைப் பார்க்கவும் இல்லை. அவருக்கு ஆபீஸ் நண்பர் அனுப்பினார், அவருக்கு அவர் மச்சான் அனுப்பினார். சங்கிலியில் இருக்கும் எல்லாரும் யோக்கியர்கள். ஒருவர்கூட நேரில் பார்த்தவர் இல்லை.

2023 மார்ச்சில் இந்தச் சங்கிலி வேறு விதமாக வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பீகாரில் பரவின. ஒன்று பீகார்க்காரர்களே இரண்டு கோஷ்டியாகச் சண்டை போட்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் தகராறு என்று அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு அவன் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரியும். ஆனால் ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறாள், உடனே ரயில் ஏறு என்கிறாள். அவன் என்ன செய்வான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாட்ஸ்அப் நிறுவனம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கை மாறிய செய்தியை ஒரு தடவையில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றானது. அந்த மாதிரிச் செய்திகள் எழுபது சதவீதம் குறைந்தன என்று நிறுவனமே சொன்னது. நல்லதுதான். ஆனால் இப்போது ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அந்த "ஒரு இடம்" அப்படிப்பட்ட குழுவாகவும் இருக்கலாமே!

மறுப்புச் செய்தி போட்டால் போதும் என்பவர்களுக்கு ஒன்று. 2018 ஜூனில் திரிபுராவில், பிள்ளை பிடிக்கும் வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்காக அரசு அமர்த்திய ஒருவரையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றார்கள். அவர் சொன்னது உண்மை. சொன்னவர் அந்த ஊருக்கு அந்நியர்.

யார் சொன்னது என்று கவனிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. வந்தவாசி என்றதும் பாடப் புத்தகத்தில் படித்த, 1760ஆம் வருஷம் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டை நினைவுக்கு வரும். அதே காலத்தில் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு எட்டிய செய்திகளை எழுதும்போது, இன்னார் வந்து சொன்னார் என்பதையும் பல இடங்களில் சேர்த்தே எழுதினார். துபாஷி உத்தியோகத்தில் செய்தி எவ்வளவு முக்கியமோ, யார் வாயிலிருந்து வந்தது என்பதும் அவ்வளவு முக்கியம். வானொலியில் பேசுகிற என்னிடமும் நீங்கள் அதைக் கேட்கலாம், தப்பில்லை.

நான் கேட்டுக்கொள்வது சின்ன விஷயம். அடுத்த முறை உங்கள் குழுவில் பயமுறுத்தும் வீடியோ ஒன்று வந்தால், "இது பொய்" என்று மாமாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் மனம் நோகும், செய்தியும் நிற்காது. "மாமா, உங்களுக்கு இதை அனுப்பினது யாரு? அவங்க நேர்ல பார்த்தாங்களா?" என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே ஆபத்து என்றால், 1098க்கு அழையுங்கள், அல்லது 112க்கு. இரண்டுமே கட்டணமில்லாத எண்கள்.