சாமி படத்துக்குக் கீழே ஒரு கொப்பி

(தோட்டத்துத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

போன மாசம் ஒரு தகப்பன் எங்களிடம் வந்து அழுதார். "ஐயா, புள்ளைக்கு ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. இனி சாமிய நம்புறதா, டாக்டர நம்புறதா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறோம். அந்தப் பதிலை நாங்கள் கற்றுக்கொண்டது வட்டுக்கோட்டைக் குடும்பம் ஒன்றிடம்.

சில வருஷங்களுக்கு முன் நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். சிங்களத்தில் நம்பிக்கை என்று அர்த்தம். அங்கே பக்கத்துக் கட்டிலில் வட்டுக்கோட்டைப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் அதே நோய். இரவு முழுக்க பஸ்ஸில் வந்து சேர்ந்த தாய், முகத்தில் திருநீறோடு, தாதி சொல்வதை எல்லாம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு யாழ்ப்பாணம் போனபோது அவர்கள் வீட்டுக்கும் போனோம். சாமி அறையில் முருகன் படத்துக்குக் கீழே அதே கொப்பி இருந்தது. இரவில் விளக்கேற்றிக் கும்பிட்டதும் மகனுக்குக் குளிசை கொடுப்பார். கொடுத்ததும் கொப்பியில் ஒரு கோடு போடுவார். ஒரு நாளும் தவறியதில்லை. "அண்ணை, முருகனை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள். நம்பிக்கை இல்லாட்டி இவ்வளவு தூரம் எப்பிடிப் போய் வாறது?" என்றார். மருந்தினால் பிள்ளையின் தலைமுடி கொட்டியபோது, முருகனுக்கு முடி கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்களாம். முடி திரும்பவும் வளர்ந்திருந்தது.

அந்த ஊர் மண்ணில் இது புதிதல்ல. 1847-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன் வட்டுக்கோட்டையில் வைத்தியம் தொடங்கி, அடுத்த வருஷம் மானிப்பாய்க்குப் போனார். பக்தியுள்ள மனுஷர். அவர் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. நம்மவர்களைத் தமிழிலேயே டாக்டர்களாகப் படிப்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார்.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னர், நம் பக்கத்தில் இன்னொரு பிள்ளைக்கு இதே நோய் வந்தது. ஒரு மாச மருந்தில் காய்ச்சல் நின்றது, முகம் தெளிந்தது. நேர்த்தி பலித்துவிட்டது என்று மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாங்களும் "பிள்ளை சுகம்" என்று எழுதி பைலை மூடிவிட்டோம். நோய் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளை இன்று நம்மோடு இல்லை. பெற்றவர்களைக் குறை சொல்ல மாட்டோம். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பஸ்ஸுக்குக் காசு இல்லை. லயத்துக்குப் போய், "ஏன் போகவில்லை?" என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஏன் அப்படித் திரும்பி வருகிறது? நோய் தெரியவரும் நேரத்தில் உடம்பில் ஒரு லட்சம் கோடி கெட்ட அணுக்கள் வரை இருக்கலாம். முதல் மாச மருந்துக்குப் பிறகு பரிசோதனையில் தெரியாவிட்டாலும், நூறு கோடி வரை ஒளிந்திருக்கலாம். இலுக்குப் புல்லை மேலே வெட்டினால் மலை சுத்தமாகத்தான் தெரியும். அடியில் வேர் கிடக்குமே! அந்த வேரை எடுக்கத்தான் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருஷம் மருந்து. கடைசிக் குளிசை வரை எடுத்த பிள்ளைகள் பலர் முழுச் சுகம் பெற்று, வளர்ந்து, வேலை வெட்டி பார்க்கிறார்கள்.

அந்த வீட்டு முற்றத்தில் பட்டிப்பூ பூத்திருந்தது. நாம் நித்தியகல்யாணி என்று சொல்லும் பூ. இந்த நோய்க்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்பட்டது. ஆனால் வீட்டில் இலையை அவித்துக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷம். அளவு தெரிந்தவர் கையில்தான் அது மருந்து.

ஆகவே தாய்மாரே, இவற்றை மனதில் வையுங்கள். பிள்ளை வெளிறிப்போவது, விட்டு விட்டுக் காய்ச்சல், அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு, முரசில் ரத்தம், எலும்பு நோவு இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேர்த்திக்காகப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். திருவிழா நெரிசலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். வீட்டிலேயே விளக்கேற்றுங்கள், மடு மாதாவை நினைத்து ஜெபியுங்கள். சாமி கோபிக்காது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை. கண்டியிலும் பதுளையிலும்கூட புற்றுநோய்ப் பிரிவு உண்டு. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எப்படி வந்தது தெரியுமா? 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர் நடந்து, நாடு முழுக்கப் பணம் திரட்டினார்கள். எல்லா இனத்தவரும் கொடுத்தார்கள். 2013-இல் ஆஸ்பத்திரி திறந்தது.

நாம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். பக்கத்துக் காம்பராவரை நடந்தால் போதும். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். இளைஞர்களே, இரத்ததானம் செய்யுங்கள். நாங்களும் இனி ஒவ்வொரு கிளினிக் திகதியையும் எங்கள் புத்தகத்தில் எழுதி, முதல் நாளே வந்து கதவைத் தட்டுவோம்.

அன்று அழுத தகப்பனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அது இப்போது அவர் காம்பராவில் அம்மன் படத்துக்குக் கீழே இருக்கிறது. முதல் பக்கத்தில் கோடுகள் விழ ஆரம்பித்துவிட்டன.