மதகடியில் படித்த பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தொழில் ஆற்று மதகுகளுக்குக் கதவும் அதை ஏற்றி இறக்கும் கருவியும் செய்வது. அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினால் சாப்பாட்டுக்கு முன்பே பந்தி கலைந்துவிடும். ஆகவே, கடந்த சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் நான் செய்துவரும் ஒரு காரியத்தைச் சொல்கிறேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு போவது. வழியில் உள்ள அணை, மதகு, பழைய ரயில் பாதை, ரைஸ் மில் எல்லாவற்றையும் நின்று பார்ப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து தொடங்கியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் நம்மைக் கல்லணைக்கு அழைத்துப் போனார்கள். நான் பஸ்ஸில் தூங்கினேன். இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டேன், வறுத்த மீன் சாப்பிட்டேன். ரிப்போர்ட்டை சீனியரின் நோட்டைப் பார்த்து எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. (இப்போது குறைத்துவிடாதீர்கள் சார்!)

அன்று நான் பார்க்கத் தவறியது எது தெரியுமா? அது வெறும் சுவர் அல்ல. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த அணை, அடியில் பாறை இல்லாத வெறும் ஆற்று மணலில் நிற்கிறது. பெருங்கற்களை மணலில் அமிழவிட்டு, மேலே களிமண்ணோடு கற்களை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சுமார் 329 மீட்டர் நீளம். மணல் படுகையில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கேதான் கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தை வைத்துத்தான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். நம் ஊர்க் கொத்தனாரிடம் பாடம் படித்தவர் அவர். நானோ வாசல் வரை போயும் தூங்கிவிட்டேன்.

இனி தவறுக்கு வருகிறேன். வெண்ணாற்றுப் பாசனத்தில், மன்னார்குடிப் பக்கம் ஐந்து கண் மதகு ஒன்று. அதில் மூன்று கண்களுக்குப் புதுக் கதவும் மின்மோட்டாரும் பொருத்தும் வேலை. டிராயிங் என்னுடையது. கரண்ட் போனால் கையால் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடியும் கொடுக்க வேண்டும். அது கடைசிச் சரக்கோடு வரட்டும் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பழைய திருகுத்தண்டுகளின் இரும்புக் கைப்பிடியைக் 'கழிவு' என்று பட்டியலில் எழுதியதும் நான்தான். மதகைக் காக்கும் லஸ்கர் ஒரு பெரியவர். "தம்பி, மழைக்காலத்துல இங்க வந்து ஒரு ராத்திரி தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டா முழுக்க இருட்டு. இரண்டு நாள் கழித்துத்தான் என்னால் மன்னார்குடி வர முடிந்தது. அதற்கு மேல் சாலையில் தென்னை மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. டீக்கடைக்காரரிடம் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி, மரம் கிடந்த இடத்தில் தோளில் தூக்கி, ஆற்றங்கரை மேலேயே போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. மூன்று கதவும் மூடியபடி இருந்தால், ஆகாயத்தாமரையும் மரக்கிளையும் வந்து அடைத்து, தண்ணீர் ஏறி, கரை உடைந்து சம்பாப் பயிர் மேல் பாய்ந்திருக்கும்.

போய்ப் பார்த்தால் ஐந்து கண்ணும் திறந்திருக்கிறது! பெரியவர் கதவடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான். நான் கழிவு என்று எழுதிய கைப்பிடியை அவர் கொடுக்கவே இல்லை, குடிசையில் ஒளித்து வைத்துக்கொண்டார். அதன் சதுரத் துளை புதுத் தண்டில் பொருந்தாது என்று பார்த்து, புயலுக்கு ஒரு மாதம் முன்பே ஊர்க் கொல்லுப் பட்டறையில் தன் காசு கொடுத்து ஒரு குழல் அடித்து வைத்திருந்தார். அன்று ராத்திரி அவரும் அவர் மகனும் மாற்றி மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள். கை இரண்டும் கொப்புளம்.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்றேன். "அத விடுங்க தம்பி. சைக்கிள்லயா வந்தீங்க? இப்பத்தான் ஆத்தப் பார்த்திருப்பீங்க" என்றார். உண்மை. அதுவரை நான் ஆற்றைக் காகிதத்தில்தான் பார்த்திருந்தேன். அடுத்த மாதமே சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினேன்.

மாணவர்களுக்காக மூன்று வழிகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, முக்கொம்பிலிருந்து கல்லணை. கொள்ளிடம் தாழ்வாக ஓடுவதால் தண்ணீரெல்லாம் அதில் இறங்கிக் காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1836-ல் காட்டன் கட்டியது முக்கொம்பு மேலணை. 2018 ஆகஸ்ட் 22-ல் அதன் 45 கண்களில் 9 கண்கள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. அதன் பிறகு கீழ்ப்புறம் புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். பழையது, புதியது இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். 182 ஆண்டு உழைத்த கட்டடம் எப்படித் தளர்கிறது என்பதை எந்தப் புத்தகமும் இப்படிக் காட்டாது.

இரண்டாவது, கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரை புது ஆற்றங்கரை, சுமார் 45 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் வேண்டும். பெரிய கோயில் பக்கம் ஓடும் இந்த ஆற்றை நாம் எல்லோரும் கடந்திருக்கிறோம், ஆனால் இது ஆறே அல்ல, வெட்டிய வாய்க்கால் என்பது பலருக்குத் தெரியாது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபோது, பழைய டெல்டாவின் தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களுக்காகவே இதை வெட்டினார்கள். 148 கிலோமீட்டர் நீளம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டம் வரை போகிறது. கரை மேல் நின்று பாருங்கள். வாய்க்கால் மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். சமமட்டக் கோடு என்று வகுப்பில் படித்தோமே, அது இங்கே தண்ணீராக ஓடுகிறது. இதைப் புதுப்பிக்கும் பெரிய திட்டத்துக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய மதகும் பாலமும் மாறுவதற்கு முன் அளவெடுத்து, படம் வரைந்து வையுங்கள்.

மூன்றாவது, கும்பகோணத்திலிருந்து அணைக்கரை. கொள்ளிடத்தின் மேல் 1836-ல் எழுந்த கீழணை அங்கே இருக்கிறது. இதிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. ஆகவே சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்களே, நீங்கள் ஊரை விட்டுப் போனாலும் ஊர்த் தண்ணீர் உங்களை விடவில்லை.

இந்த வழிகளில் கண்ணை மதகிலேயே வைக்காதீர்கள். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்துவிட்டது. நெல் துறைமுகத்துக்குப் போன வழி அது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் விட்டது தஞ்சை ஜில்லா போர்டு. சாலையோரம் தனியாக நிற்கும் செங்கல் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பழைய ரைஸ் மில்கள். நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு அடுப்பு வேண்டும், அடுப்புக்கு அந்த நெல்லின் உமியே எரிபொருள். வெளியிலிருந்து விறகு வாங்காத ஆலை! இதைச் சொல்லித் தர அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாளைக்கும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சில எச்சரிக்கைகள். தண்ணீர் ஓடும்போது மதகடியில் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், கீழே சுழி இழுக்கும். மதகின் மேல் ஏறுவதற்கு நீர்வளத் துறையில் அனுமதி கேளுங்கள். வெயிலுக்கு முன் கிளம்பி, பத்து மணிக்கு நிழலில் இருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். அதற்கு முன் ஒரு தடவை வறண்ட ஆற்றையும், தண்ணீர் வந்தபின் ஒரு தடவை அதே இடத்தையும் பாருங்கள். வறண்டபோதுதான் அஸ்திவாரம் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு தடவை நம் மாணவர் பத்துப் பேர் ஒரு கரையில் நடக்கட்டும், ஒரு மதகை அளந்து வரையட்டும், அதைக் காப்பவரின் சொல்லையும் எழுதட்டும். நூலகத்தில் ஓர் அலமாரி போதும். முதல் பத்து சைக்கிள்களின் செலவு என்னுடையது. முதல் தாளில் அந்த இரும்புக் கைப்பிடியின் படத்தை நானே வரைந்து தருகிறேன், இந்தத் தடவை 'கழிவு' என்று எழுத மாட்டேன்.