நாற்றுத் தோட்டத்து நாய்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



உங்கள் செயலாளர் என்னை அழைக்க வந்தபோது, "ஐயா, சமயத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பிரயோசனமாக ஏதும் பேசவேணும்" என்று கேட்டுக்கொண்டார். நான் ஒரு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். சிலர் சிரிக்கின்றீர்கள், அதிற் குற்றமில்லை. பேச்சு முடியும்போது அது சமயத்தைப் பற்றியதாகவும் கல்வியைப் பற்றியதாகவும் இருந்ததா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

"நாய் படாத பாடு பட்டேன்" என்று நாம் நாள்தோறும் சொல்லுகின்றோம். ஆனால் நாய் படுகின்ற பாடு யாதென்று சற்று நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் பார்த்தேன். பார்க்க வேண்டுமென்று போய்ப் பார்க்கவில்லை. வேப்பங்கன்று வாங்கப் போன இடத்திலே பார்த்தேன்.

வழுக்கையாற்று வெளிக்கு அண்மையில் ஒரு மரக்கன்றுத் தோட்டம் உண்டு. வேம்பு, மருது, இலுப்பை, புங்கு, நாவல், கொன்றை, வில்வம், ஒட்டு மா எனப் பலவகைக் கன்றுகள் அங்கே பொலித்தீன் பைகளில் வரிசை வரிசையாக நிற்கும். சுற்றிவரப் பூவரசும் கிளுவையும் நாட்டிய வேலி. படலையோரத்தில் ஒரு வைரவர் சூலம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரிகாலத்து விடியற்காலையில், அந்தச் சூலத்தடியில் யாரோ ஓர் உரப்பையைக் கட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் மூன்று நாய்க்குட்டிகள். மூன்றும் பெட்டைக் குட்டிகள் என்று சொன்னால், ஏன் போட்டார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு அன்றைக்கே இறந்துவிட்டன. மூன்றாவதைத் தோட்டக்காரரின் மனைவியார் பாற்சுண்டு கொடுத்துப் பிழைக்க வைத்தார். "வைரவர் வாசலிலே விட்டதை நாங்கள் எப்பிடித் தூக்கி எறியிறது?" என்பது அந்த அம்மையாரின் நியாயம். நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பேரிட்டார்கள்.

செவலையின் நாள் கோழி கூவுமுன் தொடங்கிவிடும். தோட்டக்காரர் தண்ணீர் இறைக்கப் போனால் அவருக்கு முன்னே போகும். கன்றுகளுக்கிடையில் அவர் கால் வைக்குமுன் அது மூக்கை வைக்கும். ஈரத்தையும் தவளையையும் தேடிப் பாம்பு வருகின்ற இடமாகையால், அந்த மூக்கு அவருக்கு ஒரு கைவிளக்குப் போன்றது. பகலிற் கன்று வாங்க வருவோரைப் படலையில் நின்று ஒருமுறை குரைத்து அறிவிக்கும். தோட்டக்காரர் "வாருங்கோ" என்றவுடன் குரைப்பை நிறுத்திவிடும். வேலியிற் பொட்டுக் கண்டு நுழைகின்ற கட்டாக்காலி ஆடுகளை மாத்திரம் அது மன்னிப்பதில்லை. ஓர் ஆடு ஒரு நாழிகை உள்ளே நின்றால் ஒருவருட உழைப்புப் போய்விடும் என்பதை அதற்கு யாரும் கற்பித்ததில்லை.

ஆனால் செவலையிடத்திலும் ஒரு குற்றம் இருந்தது. சித்திரை வெயிலிலே அது நாற்றுமேடையைக் கிண்டத் தொடங்கிற்று. ஒருநாள் வில்வ நாற்றுகளில் ஒரு பாத்தி முழுவதும் வேரோடு கிடந்தது. தோட்டக்காரர் பூவரசந் தடியை முறித்து நன்றாக அடித்தார். மறுநாளும் கிண்டிற்று; மறுநாளும் அடித்தார். பின்னர் ஒரு மிருக வைத்தியர் காரணத்தைச் சொன்னார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மாத்திரமே சிறிது வியர்க்கும். மற்றைய வெப்பத்தை நாக்கை நீட்டி இளைத்தே போக்க வேண்டும். அதனாலேதான் மேல்மண்ணைக் கிண்டி, அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கின்றது. தோட்டம் முழுவதிலும் நாள்தோறும் நீர் தெளிக்கின்ற இடம் நாற்றுமேடை ஒன்றுதான். நாய் வேறெங்கே போகும்?

அதைக் கேட்டுத் தோட்டக்காரர் வெட்கப்பட்டார். பலாமரத்தின் கீழே ஒரு சிறு பள்ளம் வெட்டி மணல் போட்டார். காலையில் கன்றுகளுக்கு வார்க்கும்போது அதற்கும் ஒரு வாளி நீர் வார்த்தார். அன்று முதல் நாற்றுமேடை தப்பிற்று. "தம்பி, அது கன்றைக் கெடுக்கவேணும் எண்டு கிண்டேல்லை; குளிர்ச்சி தேடிக் கிண்டினது. நான் தான் விளங்காமல் அடிச்சுப் போட்டன்" என்று அவர் எனக்குச் சொன்னார். சபையோரே, பிள்ளை வளர்ப்பவர்களும் ஆசிரியர்களும் இந்த வார்த்தையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு சம்பவம். கன்றுகளுக்கு இடுவதற்கென்று ஆமணக்கம் பிண்ணாக்கும் எலும்புத்தூளும் கலந்து வைத்திருந்தார்கள். எலும்புத்தூளின் மணம் நாயை இழுக்கும். ஆமணக்கிலுள்ள நஞ்சோ அதைக் கொல்லும். செவலை ஒரு வாய் தின்றுவிட்டு ஓர் இரவும் ஒரு பகலும் வாந்தியெடுத்துக் கிடந்தது. உடனே வைத்தியரிடம் கொண்டு போனபடியாற் பிழைத்தது. நமது கோயில் நந்தவனங்களில் அலரி இருக்கின்றது. அதன் இலை, பூ, பட்டை, வேர் எல்லாம் நஞ்சு. நத்தைக்கு வைக்கின்ற மருந்தும் எலிக்கு வைக்கின்ற மருந்தும் அப்படியே. மூடி உயரத்தில் வைப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் சோம்பலுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் விதியை நோவது முறையன்று.

செவலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு நாயின் ஞாபகம் வருகின்றது. அதனையும் இங்கே சொல்லிவிடுகின்றேன்.

எங்கள் வளவிலும் தந்தையார் ஒரு நூறு பையளவிற் கன்றுகள் வளர்த்து வந்தார். வீமன் என்றொரு நாயும் நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த அந்த இரவை இங்கேயுள்ள பெரியவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மழை. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டோம். வீமனை அவிழ்த்துவிட்டு, ஒரு சட்டி சோறு வைத்துப் படலையைச் சாத்தினோம். அது வேலி பாய்ந்து பின்னால் வந்தது. நாவற்குழிப் பக்கமாகப் போகின்ற அந்தச் சனவெள்ளத்திலே அகப்பட்டு மிதிபட்டுச் செத்துப்போகும் என்று தந்தையார் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். கல் அதன் முதுகிற் பட்டது. வீமன் நின்றது. ஓடவில்லை, குரைக்கவில்லை, எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. நாங்கள் நடந்தோம்.

1996ஆம் ஆண்டு நடுப்பகுதியிலே திரும்பி வந்தோம். பைகளில் இருந்த கன்றுகளிற் பல பட்டுப்போயின. சில வேம்புகள் மட்டும் பையைத் துளைத்து, வேரை நிலத்திலே இறக்கி, எங்கள் இடுப்பளவிற்கு நின்றன. கன்றுகளுக்கு மாரிமழை நீர் வார்த்திருந்தது. வீமனுக்கு யார் சோறு வைத்திருப்பார்? அது அங்கே இல்லை. அன்று தொடங்கித் தந்தையார் தாம் உண்ணுமுன் ஒரு பிடி சோற்றைக் கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே வைப்பார். எதற்கென்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலடியாரிலே நட்பினை ஆராயும் இடத்தில் யானையையும் நாயையும் ஒப்பிட்டு ஒரு பாட்டு உண்டு. யானை பழகிய பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் தன் உடலில் நிற்கும்போதும் வாலை ஆட்டும் என்பது அதன் கருத்து. பள்ளிக்கூடத்திலே அதனைப் படித்தபோது அலங்காரமாகச் சொன்னதென்று நினைத்திருந்தேன். அலங்காரமன்று, கண்டு சொன்னது என்பதை அந்த இரவிலே தெரிந்துகொண்டேன்.

மகாபாரதத்தின் முடிவிலே, தம்பியரும் திரௌபதியும் வழியில் வீழ்ந்தபின், தருமருடன் கூடச் சென்றது ஒரு நாய். இந்திரன் தேரைக் கொண்டுவந்து, "நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை" என்றான். நம்பி வந்ததைக் கைவிட்டு வருகின்ற சுவர்க்கம் தமக்கு வேண்டாம் என்றார் தருமர். அந்த நாய் தருமதேவதையாகத் தோன்றியதைத்தான் நாம் வியந்து பேசுகின்றோம். நான் வியப்பது வேறொன்றை. அது தருமதேவதை என்பது தருமருக்கு அப்பொழுது தெரியாது. நாய் என்றெண்ணியே அவர் நின்றார். வைரவரின் வாகனமென்று வடைமாலை சாத்துகின்ற நாம், வாசலிலே நிற்கின்ற உயிரை வெறும் நாயென்று எண்ணியே காப்போமானால், அதுவே வழிபாடாகும்.

எங்களை அந்த இரவிலே காலம் துரத்தியது. இன்று குட்டிகளை உரப்பையிற் கட்டிக் கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் போடுகின்றவர்களை யார் துரத்துகின்றார்கள்?

ஆகையால் இளைஞர்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகின்றேன்.

முதலாவது, பெட்டை நாயைக் குறைசொல்லாது அதற்குக் கருத்தடை செய்விப்பது. நாய் ஏறக்குறைய 63 நாளிற் குட்டி ஈனும். ஆண்டில் இருமுறையும் ஈனக்கூடும். 2006ஆம் ஆண்டிலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது இலங்கையின் கொள்கை. கொல்லாமை நமக்கு உவப்பானதே. ஆயின் பெருக்கத்தைத் தடுக்காமற் கொல்லாமையை மாத்திரம் பேசினால், குட்டிகள் பசியாலும் வாகனத்தாலும் சாகும்.

இரண்டாவது, விசர்நாய்க்கடித் தடுப்பூசி. 1973ஆம் ஆண்டில் இந்நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடும் முயற்சியாலும் அத்தொகை பின்னர் சில பத்தாகக் குறைந்தது. ஆண்டுதோறும் ஊசி போடும் நாளை வீடுவீடாகச் சென்று அறிவியுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே ஆசுபத்திரிக்குச் செல்லவேண்டும். பார்வை பார்ப்பதிற் காலம் போக்கக்கூடாது. நோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

மூன்றாவது, கார்த்திகை மரநடுகை. மழைக்காலத்தில் எல்லாரும் கூடி நடுகின்றோம்; படமும் எடுக்கின்றோம். பங்குனி வெயிலில் எத்தனை கன்றுகளுக்கு நீர் வார்க்கின்றோம்? நட்டுவிட்டு மறப்பதும் வளர்த்துவிட்டுத் துரத்துவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இவ்வாண்டு நடுகின்ற ஒவ்வொரு கன்றையும் ஓர் இளைஞர் பொறுப்பேற்று, அடுத்த மாரிவரை நீர் வார்க்கவேண்டும். வார்க்கப் போகும்போது அதனருகில் ஒரு சிரட்டையிலும் நீர் வைத்துவிட்டு வாருங்கள். எந்த உயிருக்கென்று கேட்க வேண்டாம், வருகின்ற உயிருக்கு.

போன கிழமையும் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செவலைக்கு முகம் நரைக்கத் தொடங்கிவிட்டது. பலாமரத்தடிப் பள்ளத்திற் படுத்திருந்தபடியே தலையைத் தூக்கி ஒருமுறை குரைத்தது. தோட்டக்காரர் "வாருங்கோ" என்றார். குரைப்பு நின்றது. நான் ஒரு வில்வங்கன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதனைச் சங்கத்துக்குக் கொடுக்கின்றேன். நடுங்கள், நட்டபின் மறவாதிருங்கள்.