முந்தியை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க, சென்னை தியாகராய நகரிலும் மதுரை விளக்குத்தூண் பக்கத்திலும் ஜவுளிக்கடை வாசல்களில் 'விற்பனைக்கு ஆட்கள் தேவை, நேரில் வரவும்' என்ற அட்டைகள் தொங்கத் தொடங்கும். நேரில் போகிறவரிடம் பல கடைகளில் கேட்கப்படுவது நான்கைந்து கேள்விகள்தான். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், எதுவரை படிப்பு, இங்கே யாரையாவது தெரியுமா? கேட்பவரின் கண் அதற்குள் ஆளின் உயரத்தையும் நிறத்தையும் உடையையும் அளந்து முடித்திருக்கும். இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அவர் செய்யப்போகும் வேலையைத் தொடவில்லை. விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் முதலாளியின் அறை அல்ல, கடையின் கவுண்டர்தான் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அந்த வேலை என்ன என்று பாருங்கள். ஓர் அம்மா வந்து, "கல்யாணத்துக்குக் கட்டணும், ரொம்பப் பளபளன்னு வேண்டாம்" என்கிறார். விலையைச் சொல்லவில்லை, நிறத்தையும் சொல்லவில்லை. அவர் கண் எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்த்து, முதலில் எந்தச் சேலையை எடுப்பது என்று விற்பனையாளர் அந்த நொடியில் முடிவுசெய்ய வேண்டும். முந்தியை விரித்துக் காட்டி, பார்டரைத் தோளருகே பிடித்து, பட்டா, பட்டுப்போலத் தோன்றும் செயற்கை இழையா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். முப்பது சேலை பிரித்த பிறகு, "இன்னொரு கடை பார்த்துட்டு வர்றோம்" என்று அவர்கள் எழுந்தால், முகம் சுளிக்காமல் அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். கவனம், பொறுமை, நேர்மை, கைப்பழக்கம் நான்கும் சேர்ந்த தொழில் இது. அப்பாவின் தொழிலைக் கேட்டு இவற்றில் எதை அறிய முடியும்?

ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார்கள் பல ஆண்டு கடை நடத்தியவர்கள். அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் கண் நம்மை ஏமாற்றும் விதத்தை எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920-இலேயே எடுத்துக்காட்டினார். ராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு என்று தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியும், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கே மற்றவற்றிலும் உயர்வாகக் கிடைத்திருந்தது. வாட்டசாட்டமானவர் அறிவாளியாகவும் தெரிந்துவிடுகிறார். பின்னர் 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர், 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வாய்க்கு வந்தபடி கேட்கும் நேர்காணலைவிட, எல்லோருக்கும் ஒரே கேள்விகளை வைத்து நடத்துவதும், வேலையின் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்வதும், பின்னாளில் யார் நன்றாக வேலை செய்வார் என்பதைக் கூடுதலாகக் காட்டின. கடை முதலாளிக்கு இதில் இழப்பு ஏதுமில்லை. நல்ல ஆள் கிடைப்பது அவருக்குத்தானே லாபம்.

பண்டிகை நேரத்தில் கும்பலாக ஆள் எடுக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். பத்து நிமிடம் போதும். சூப்பர்வைசரே வாடிக்கையாளராக நிற்கட்டும், ஐந்து சேலையைப் பிரித்துக் காட்டி மடிக்கச் சொல்லட்டும். பழக்கமில்லாதவருக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்து, மறுமுறை செய்யச் சொன்னால் கற்கும் வேகமும் தெரியும். தெரிந்தவர் மூலம் வந்தால்தான் நம்பலாம் என்ற வாதத்தையும் ஒதுக்க முடியாது. சரக்கும் பணமும் புழங்கும் இடம். அதற்கு, அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது ஒரு வழி. ஊரையும் சாதியையும் துருவுவது வழியல்ல. இன்னொரு அச்சம் எனக்கே உண்டு: சோதனை என்ற பெயரில் நாள்முழுக்கச் சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிடக் கூடாது. உண்மையான வாடிக்கையாளர் முன் நிறுத்தினால் அது சோதனை அல்ல, வேலை. அதற்குக் கூலி தர வேண்டும்.

கவுண்டரில் நடக்கும் தேர்வுக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலைக்கு வந்தவரும் கடையைப் பார்த்துவிடுகிறார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், உட்கார இடம் இருக்கிறதா என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். கேள்வி கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும் பொறுப்பை முதலாளி ஏற்க வேண்டும். உண்மை தெரிந்து சேர்ந்தவர், பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக மாட்டார். சொல்ல வேண்டியவை புதியவையும் அல்ல. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் இரட்டிப்புக் கூலி. 2021-இல் அதே சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. சேலையை விரித்துக் காட்டச் சொல்லும் அதே பத்து நிமிடத்தில், அந்த இருக்கையையும் காட்டிவிடுங்கள்.